புள்ளி தெரிந்தால் போதுமா? மலையில் புதையல் தேடும் பாடம்



இந்த முறை நம் பாடம் ஒரு விளையாட்டைப் பற்றியது. அதன் பெயர் ஜியோகேஷிங். ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது மறைத்து வைக்கிறார். அந்த இடத்தின் அச்சுத்தூரத்தை எல்லாருக்கும் அறிவிக்கிறார். மற்றவர்கள் அந்த எண்ணைக் கைப்பேசியிலோ ஜிபிஎஸ் கருவியிலோ போட்டுத் தேடிப் போகிறார்கள். பெட்டிக்குள் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும். அதில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த மாதிரியே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

பட்டணத்துப் பூங்காவில் இது அரை மணி நேர வேலை. கேமரன் மலையில் அப்படி இல்லை. கம்போங் ராஜாவில் சில வருடங்களாக நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். கற்றுக்கொடுத்ததில் எனக்கு நன்றாகப் புரிந்தது ஒன்று: எண் நமக்கு ஒரு புள்ளியைத்தான் காட்டும். அங்கே போகும் வழியையும், பத்திரமாகத் திரும்பும் வழியையும் நாம்தான் தேடிக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தப் பாடம் முழுக்க இதைப் பற்றித்தான்.

எப்படித் தொடங்கியது?

ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவம் உருவாக்கிய திட்டம். பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் பல வருடங்களாக வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அதனால் கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 100 மீட்டர் வரை வித்தியாசம் வரும். 2000 மே 2ஆம் தேதி அந்தப் பிழையை நிறுத்தினார்கள். ஒரே இரவில் உலகத்தில் உள்ள எல்லா ஜிபிஎஸ் கருவிகளும் ஏறக்குறைய பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன.

மறுநாளே, மே 3ஆம் தேதி, டேவ் அல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியைக் காட்டோரமாக வைத்துவிட்டு, அதன் அச்சுத்தூரத்தை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் ஒரு குறிப்புப் புத்தகம், பென்சில், சில புத்தகங்கள், ஓர் உண்டிவில், ஒரு டின் அவரை எல்லாம் இருந்தன. சில நாட்களிலேயே ஆட்கள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் இதற்கென்று தனி இணையத்தளம் வந்தது. இன்று உலகம் முழுக்க 30 இலட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இருக்கின்றன.

ஆனால் யோசனை பழையதுதான். இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854லேயே, போய்ச் சேரக் கஷ்டமான ஓர் ஈரநிலத்தில் ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் வந்தவர்கள் தங்கள் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்தில் எண் கிடையாது, கருவி கிடையாது. வழி தெரிந்த ஒருவர்தான் கூட்டிப் போக வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி வந்த பிறகு நாம் மறந்தது இந்த ‘வழி தெரிந்தவரை’த்தான்.

எண்ணைப் படிப்பது எப்படி?

அச்சுத்தூரம் ஆரம்பப் பள்ளிக் கணிதத்திலேயே படித்ததுதான். அங்கே கட்டம் போட்ட தாள், இங்கே பூமி. முதல் எண் அட்சரேகை: பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்று சொல்லும். இரண்டாவது தீர்க்கரேகை: கிழக்கே எவ்வளவு என்று சொல்லும். கம்போங் ராஜா ஏறக்குறைய வடக்கு நாலரை பாகையிலும், கிழக்கு 101.4 பாகையிலும் இருக்கிறது.

ஒரு பாகைக்கு 60 நிமிடம். இது கடிகார நிமிடம் இல்லை, கோண அளவு. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது தரையில் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், கிழக்கு மேற்கிலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். நிமிடத்தின் மூன்றாவது தசம இடம் ஒன்று மாறினால், தரையில் 2 மீட்டர்கூட வராது. அவ்வளவு நுணுக்கமான கணக்கு இது.

பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். ஜியோகேஷிங்கில் பாகையும் தசம நிமிடமுமாக எழுதுவார்கள். உதாரணமாக, வடக்கு 4 பாகை 28.500 நிமிடம். கைப்பேசி வரைபடத்தில் வெறும் தசமப் பாகையாகப் போட வேண்டியிருக்கும். அப்போது 28.5ஐ 60ஆல் வகுக்க வேண்டும். விடை 0.475. ஆகவே 4.475 என்று போட வேண்டும். வகுக்காமல் 4.285 என்று அப்படியே தட்டினால் என்ன ஆகும்? புள்ளி 21 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் போய்விடும். தானா ராத்தா பக்கம் இருக்க வேண்டிய இடம், ரிங்லெட்டையும் தாண்டிக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கருவி உங்களைத் திருத்தாது. கொடுத்த எண்ணுக்கு அம்புக்குறி காட்டிக்கொண்டே இருக்கும்.

அதனால் எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவர் எண்ணை வாசிப்பார், இன்னொருவர் போடுவார், மூன்றாவது ஆள் வரைபடத்தில் புள்ளி விழுந்த இடத்தைப் பார்த்து, ‘இது நியாயமா இருக்கா?’ என்று கேட்பார். மூன்று பேரும் சரி என்று சொன்ன பிறகுதான் கிளம்புவோம்.

ஜிபிஎஸ் சொல்லாதது

ஜிபிஎஸ் துணைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால்தான் நம் இடத்தைச் சரியாகக் கணக்கிட முடியும். திறந்த வெளியில் நல்ல கைப்பேசி ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாகக் காட்டும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே, இரண்டு பக்கமும் மலை உயர்ந்து நிற்கிற பள்ளத்தில், சமிக்ஞை தடைபடும், பாறையிலும் சரிவிலும் பட்டுத் திரும்பி வரும். அப்போது அம்புக்குறி ஒரு நிமிடம் இடது பக்கம் காட்டும், மறு நிமிடம் வலது பக்கம் காட்டும். அந்த நேரத்தில் அதன் பின்னால் ஓடாதீர்கள். நின்று, கருவி நிதானத்துக்கு வரும்வரை காத்திருங்கள்.

ஜிபிஎஸ் வேலை செய்யக் கைப்பேசி லைன் தேவையில்லை. ஆனால் வரைபடம் தேவை. மலையில் லைன் கிடைக்காத இடங்கள் நிறைய. வீட்டிலேயே வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். லைன் தேடித் தேடியே கைப்பேசியின் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் காட்டுக்குள் நுழைந்ததும் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும். கிளம்பும் முன் வீட்டில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: அம்புக்குறி காட்டும் தூரம் நேர்கோட்டுத் தூரம். ‘இன்னும் 200 மீட்டர்’ என்று அது சொல்லும். அந்த 200 மீட்டருக்கு நடுவில் ஒரு பள்ளமும் ஓர் ஓடையும் இருப்பதைச் சொல்லாது.

இதை எனக்கு மிகத் தெளிவாகச் சொன்னவர் எங்கள் பக்கத்துப் பாட்டி ஒருவர். இளம் வயதிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். பிள்ளைகள் கருவியைக் காட்டி விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “இந்த மெஷினு அந்தக் கல்லு எங்க இருக்குன்னு சொல்லுது, சரி. தண்ணி எங்கிட்டு எறங்கி வரும்னு சொல்லுதா? மழ பேஞ்சா எந்த மேடு சரியும்னு சொல்லுதா? அதத் தெரிஞ்சிக்காம அங்கிட்டுப் போயிராதீங்க, சாமி.” எந்த நிரைக்குக் கீழே மண் இளகும், எந்தப் பக்கத்தில் குளவி கூடு கட்டும், மேகம் எந்த மலையில் இறங்கினால் எத்தனை நேரத்தில் மழை வரும், எல்லாம் அவருக்குத் தெரியும். எந்த வரைபடத்திலும் அது கிடையாது.

இன்று தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் படித்து, ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். அது நல்லதுதான், முன்னேற்றம்தான். ஆனால் இந்த மலையைக் காலால் அறிந்த தலைமுறை நம் வீட்டுத் திண்ணையில் இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கும். அவர்களிடம் கேட்காமல் விட்டால் அந்த அறிவு அவர்களோடு போய்விடும். பூர்வகுடி மக்களின் காட்டறிவும் அப்படித்தான்.

காட்டுக்குள் போகும் முன்

கம்போங் ராஜாவிலிருந்து கோலா தெர்லா, திரிங்காப், கியா ஃபார்ம் வழியாக வந்து மேலே ஏறினால், தேயிலைச் சரிவுகளைத் தாண்டி குனோங் பிரிஞ்சாங் வரும். உயரம் 2,000 மீட்டருக்கு மேல். அதன் பக்கத்திலிருந்துதான் குனோங் ஈராவுக்குப் பாதை பிரிகிறது. ஈராவ் கேமரன் மலையிலேயே உயரமான சிகரம், 2,110 மீட்டர். படத்தில் பார்த்தால் அழகான பாசிக்காடு. நடந்து பார்த்தால் முழங்கால் வரை சேறு, ஏணி மாதிரி பின்னிக் கிடக்கும் வேர்கள், வழுக்கும் பாறை. பெரும்பாலோருக்கு ஏறி இறங்க ஒரு பகல் போய்விடும்.

இவை நிரந்தர வனப்பகுதிகள். 1984ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டப்படி, உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். பாதையை மூடி வைக்கும் காலங்களும் உண்டு. மூடியிருந்தால் போகக் கூடாது, அவ்வளவுதான். அனுமதி பெற்ற மலை வழிகாட்டியை, மாலிம் குனோங் என்பார்கள், கூட வைத்துக்கொள்ளுங்கள். ‘காசு மிச்சம் பிடிக்கலாமே’ என்று யாராவது சொன்னால், தேடுதல் பணிக்கு எத்தனை பேர் தங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள்.

ஜிம் தாம்சன் கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தை உலகறியச் செய்த அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தானா ராத்தா அருகே நண்பர்களோடு ஒரு பங்களாவில் தங்கியிருந்தவர், பிற்பகலில் தனியாக நடக்கப் போனார். திரும்பவே இல்லை. போலீஸ், இராணுவம், பூர்வகுடித் தடம் பார்ப்போர் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். ஒரு துணித்துண்டுகூடக் கிடைக்கவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை பல கதைகள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தக் காட்டில் ஓர் ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் 999க்கு அழைக்கச் சொல்லி வையுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: மழையங்கி, மாற்றுச் சட்டை, டார்ச் லைட், விசில், பவர் பேங்க், போதுமான தண்ணீர், ஒரு வேளை சாப்பாட்டுக்கு மேல் கொஞ்சம், முதலுதவிப் பொருள்கள். மலேசியாவில்தானே இருக்கிறோம், குளிர் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். நனைந்த உடம்போடு 2,000 மீட்டர் உயரத்தில் காற்றில் நின்றால் உடல் விறைத்துவிடும்.

திரும்பும் நேரம்

எங்கள் குழுவில் எல்லாருக்கும் பிடிக்காத சட்டம் ஒன்று உண்டு. திரும்பும் நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்து, எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவோம். அந்த நேரம் வந்ததும் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். மலையில் வைத்து அந்த நேரத்தை மாற்றக் கூடாது.

ஒருமுறை ஒன்பது பேர், வழிகாட்டியோடு ஈராவ் பாதையில் போனோம். பெட்டி எதுவும் வைக்கவில்லை. பாதையோரம் ஓர் இடத்தை முன்கூட்டியே குறித்து, அங்கே போய்ப் பார்த்தால்தான் விடை தெரியும்படி மூன்று கேள்விகள் தயாரித்திருந்தோம். திரும்பும் நேரம் பன்னிரண்டரை. சேறு அதிகம், ஒரு தங்கச்சிக்குக் கால் பிடித்துக்கொண்டது, நேரம் போய்விட்டது. பன்னிரண்டரை ஆனபோது கருவி 180 மீட்டர் என்று காட்டியது.

“அண்ணே, 180 மீட்டர்தான் லா! பத்து நிமிஷத்துல போய்ட்டு வந்துடலாம்,” என்றான் ஒரு தம்பி.

“கடைசி 180 மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தான். முப்பத்தைந்து நிமிடம். வழிகாட்டி ஒன்றும் பேசாமல் மேற்குப் பக்கம் வானத்தைக் காட்டினார். திரும்பினோம்.

தம்பி வழியெல்லாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு மணி வாக்கில் மழை பிடித்தது. வரும்போது வெறும் ஈரமாக இருந்த வேர்ப்படிகளில் இப்போது தண்ணீர் ஓடியது. தங்கச்சியை இரண்டு பேர் மாறி மாறித் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். அதில் ஒருவன் அந்தத் தம்பிதான். சாலைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை, இன்னும் வெளிச்சம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆசைப்பட்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். கால் வலிக்கிற பிள்ளையை இருட்டில் இறக்கியிருக்க வேண்டும். இதை அவனே அடுத்த வாரக் கூட்டத்தில் மற்றவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான்.

நம் வழக்கத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் சந்நிதானத்தைப் பார்த்ததும் மாலையைக் கழற்றிவிடுவதில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் கழற்றுகிறார்கள். யாத்திரை மலை உச்சியில் முடிவதில்லை, வீட்டு வாசலில்தான் முடிகிறது. மலையேற்றமும் அப்படித்தான்.

பெட்டி வைப்பவரின் கடமை

தேடுவதைவிட வைப்பதற்குத்தான் பொறுப்பு அதிகம். நீங்கள் புள்ளியை அறிவித்த பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் உங்களை நம்பி அங்கே வருவார். அவர் எங்கே கால் வைப்பார் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

விளையாட்டின் பொது விதிகள் சில: நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். தோண்டிப் புதைக்கக் கூடாது. இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். சாப்பாடு, மது, கத்தி, பட்டாசு எதுவும் உள்ளே வைக்கக் கூடாது. தேடுவது எவ்வளவு கடினம், பாதை எவ்வளவு கடினம் என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை உண்மையாக மதிப்பெண் போட வேண்டும். பெருமைக்காகக் குறைத்துப் போட்டால் யாரோ ஒரு சின்னப் பிள்ளை அதை நம்பிக் கிளம்பிவிடும்.

பாசிக்காட்டுக்கு என் சொந்த விதி ஒன்று: அங்கே பெட்டியே வேண்டாம். பாசி மழையையும் மேகத்தின் ஈரத்தையும் பஞ்சு மாதிரி பிடித்து வைத்து, மெதுவாக ஓடைகளுக்கு விடுகிறது. பெட்டி தேடுபவர்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொரு வேரையும் தூக்கிப் பார்ப்பார்கள், பாசியைப் பிய்ப்பார்கள், பாதையை விட்டு விலகி மிதிப்பார்கள். பத்துப் பேர் தேடினால் ஒரு புதுப் பாதையே உண்டாகிவிடும். மெல்ல வளரும் பாசி அவ்வளவு சீக்கிரம் திரும்ப மூடாது.

இதற்கு மாற்றும் இந்த விளையாட்டிலேயே இருக்கிறது. 2004இல் தொடங்கிய எர்த்கேஷ் என்ற வகையில் பெட்டி கிடையாது. குறித்த இடத்துக்குப் போய், அங்குள்ள பாறை, மண், நீர் ஆகியவற்றைக் கவனித்து, கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். தீத்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல்லைப் பற்றியே எத்தனை கேள்விகள் கேட்கலாம்! இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு: தேடிப் போகும்போது வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருவது. உலகம் முழுக்க 2002 முதல் இதை ஓர் இயக்கமாகவே செய்கிறார்கள். எங்கள் குழுவில் ஆளுக்கொரு பை கட்டாயம்.

முதல் பயிற்சி: வீட்டுப் பக்கத்திலேயே

ஈராவுக்கு உடனே ஓட வேண்டாம். கோயில் வளாகத்திலோ, தோட்டத்துச் சாலையோரத்திலோ, நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். தோட்டத்தில் மருந்து தெளிக்கும் நாள் எது என்று மண்டோரிடம் கேளுங்கள். நிரைக்குள் குறுக்கே புகுந்து செடியை மிதிக்காதீர்கள். பொந்துக்குள் கையை விடாதீர்கள், முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள். பாம்போ குளவியோ இருக்கலாம்.

ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் அங்கே வேலை செய்த பெரியவர் ஒருவரிடம் பேசி, அவர் சொன்ன ஒரு செய்தியை எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அந்தச் சரிவுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன, பழைய பாதை எது, எந்த ஓடை எப்போது பெருகும். அடுத்துத் தேடி வரும் பிள்ளைக்கு அதுதான் புதையல்.

குழுவில் கலந்துரையாட

1. வடக்கு 4 பாகை 33.600 நிமிடத்தைத் தசமப் பாகையாக மாற்றுங்கள். வகுக்க மறந்தால் எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போவோம்?

2. உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இந்த மலையை நன்றாக அறிந்த பெரியவர் யார்? அவரிடம் கேட்க மூன்று கேள்விகள் எழுதுங்கள்.

3. திரும்பும் நேரம் வந்துவிட்டது, இலக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. குழுவில் பாதிப் பேர் போகலாம் என்கிறார்கள். தலைவராக நீங்கள் என்ன சொல்வீர்கள்? அதை மலையில் சொல்வது சுலபமா, காலையிலேயே சொல்லி வைப்பது சுலபமா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது விடைகளோடு, அந்தப் பெரியவர் சொன்னதையும் எழுதிக் கொண்டு வாருங்கள். கருவியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். அவர் சொல்வதை அவரிடம் நேரில் போய்த்தான் கேட்க முடியும்.